முரசு சாரின் அட்டைக் கோட்டை

முரசு சாருக்கு மெதுவாகப் பேச வராது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரர் உப்பு டப்பாவோடு வந்து நிற்பார். அந்தத் தொண்டையை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடியது. முதலில் பஸ் நிலையத்தில் வண்டி வருவதையும் போவதையும் கூவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பெரிய மரச்சாமான் கடை வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கட்டில் வாங்கினால் மெத்தை இலவசம் என்று காலையிலிருந்து கடை சாத்தும் வரை கத்தினார். கடை முதலாளி ஒரு நாள் அந்தக் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தன் குரலே தன் வேலையைப் பறித்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். கோபப்பட்டாரா என்றால் இல்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்சம் நின்று, தன் குரலைக் கேட்டு ரசித்துவிட்டு வந்தார்.

அவர் மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் மேற்பார்வை செய்பவர். நடக்க முடியாதவர்களை எழுப்பி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர் கண்காணிப்பில், பாதி அவர் கையாலேயே நடக்கும். நாள் முழுக்க அடுத்தவர் உடம்பைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், சோபாவில் ஒரு முழு உடம்பு தன் காலில் நிற்கும் வலு இருந்தும் படுத்துக் கிடப்பதைப் பார்க்க அந்த அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க ஹோம்ல இருக்கறவங்ககூட ஒரு நாளைக்கு ரெண்டு தடவை எழுந்து நடக்கறாங்க."

"வேலை தேடிட்டுத்தானே இருக்கேன்."

"எங்க, சோபா இடுக்குலயா?"

அப்போதுதான் மளிகைக் கடை அறிவிப்புப் பலகையில் அவர் அந்தத் துண்டுக் காகிதத்தைப் பார்த்தார். 'இடைக்கால வரலாற்று ஆசிரியர் தேவை' என்று போட்டிருந்தது. என்றைக்கோ வாங்கி அலமாரியில் போட்ட வரலாற்றுப் பட்டம் ஒன்று அவரிடம் இருந்தது. இடைக்காலம் என்றால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோட்டையும் கொத்தளமும் என்று வேறு எவருக்காவது தோன்றியிருக்கும். வேலை போன மனிதருக்கு அந்தச் சொல்லில் ஒரே ஒரு பொருள்தான் தெரிந்தது. பழைய ஆசிரியர் லீவில் போயிருக்கிறார், அவர் வரும்வரைக்கும் ஓர் ஆள் வேண்டும். சரி, கிடைத்தவரை லாபம் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அழைத்தது பள்ளிக்கூடம் அல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கும் சில பெற்றோர் சேர்ந்து 'கல்வி வட்டம்' என்று ஒன்று நடத்தி வந்தார்கள். வட்டத்துக்கு நடுப்புள்ளி ஓர் அம்மாள். கட்டட வரைபடம் போடுபவர். எல்லாரும் அவரைத் தலைவி என்றார்கள். பின்னால் மட்டும் இல்லை, முன்னாலும். அவருக்கு அது பிடித்திருந்தது. அவர் வீட்டு மாடியில் நீள அறை ஒன்று, மரத்தரை, பெரிய ஜன்னல்கள், ஒரு மூலையில் யாரும் வாசிக்காத பியானோ. வகுப்பு அங்கேதான்.

"இடைக்காலத்துல உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று தலைவி கேட்டார்.

"இடைக்காலத்துல நான் எதுக்கும் தயார், மேடம். நிரந்தரமா ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் மனுஷன் அப்படித்தானே இருக்கணும்?"

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். இவ்வளவு ஆழமான பதிலை இதுவரை வந்த எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. அங்கேயே, அப்போதே வேலை உறுதியாயிற்று. எந்தக் காலத்தைப் பற்றிப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள் என்பது முரசு சாருக்குப் படியிறங்கும்போதுதான், வாசல்வரை வந்த தலைவி "கோட்டை, கொள்ளைநோய், நிலமானிய முறை, எல்லாத்தையும் உயிரோட்டமா கொண்டு வந்துடுங்க" என்று சொன்னபோதுதான் விளங்கியது. தலையை ஆட்டினார். தெரியாததற்குத் தலையாட்டுவதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

பள்ளிக்கூடம் பிள்ளைகளின் மூளையை மழுங்கடிக்கிறது என்பது தலைவியின் கட்சி. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று அழகான எழுத்தில் எழுதி, சட்டம் போட்டு, பியானோவுக்கு மேல் மாட்டியிருந்தார். எழுதப் படிக்க வைத்துப் பிள்ளையைக் கெடுக்காதே என்பதையும் எழுதித்தான் மாட்ட வேண்டியிருக்கிறது. அது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைகள் ஐந்து பேர், எல்லாம் பதினைந்து பதினாறு வயசு. தலைவியின் மகன் முதல் நாளே ராஜாவாகிவிட்டான். அந்த வீட்டில் அவன் அதற்கு முன்னாலும் அப்படித்தான். ஆறடிக்கு வளர்ந்து, உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற ஒருவனைக் குதிரையாக்கினார்கள். வாய் ஓயாமல் பேசும் பெண்தான் வணிகக் குழு. எப்போதும் தூங்கி வழிபவன் துறவி. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் போதும், தியானம் என்று வைத்துக்கொள்வார்கள்.

ஐந்தாவது ஒரு டாக்ஸி டிரைவரின் மகள். வீட்டுக் கல்வித் தத்துவம் எதுவும் அவள் அப்பாவுக்குக் கிடையாது. மூட்டுக் காய்ச்சல் வந்து ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்ததில் அவளுக்குப் பள்ளிக்கூடம் விட்டுப்போயிற்று. தனித்தேர்வராகப் பரீட்சை எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள். 'நம்ம வட்டம் எல்லாருக்கும் திறந்தது' என்று காட்டத் தலைவிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார். நர்சிங் பள்ளியில் அந்தப் பெண்ணுக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். எல்லாப் பாடத்திலும் தேறினால் இடம். ஒன்று போனாலும் அது வேறு ஆளுக்கு. மற்ற நால்வருக்கு அந்தப் பரீட்சை ஒரு பொழுதுபோக்கு. அவளுக்கு அது வாசற்கதவு.

அவளுக்கு என்ன வேஷம் கொடுக்கலாம் என்று வட்டம் யோசித்தது. தலைவிதான் தீர்த்து வைத்தார். "கொள்ளைநோய் வந்து சாகறவ. பாவம், அவளுக்கு அனுபவம் இருக்கு பாருங்க."

நோயில் கிடந்து எழுந்தவளைத் திரும்பவும் படுக்க வைத்து, அதற்கு அனுபவம் என்று பெயர் வைக்கப் பெரிய படிப்பு வேண்டும்.

ஆக, முரசு சார் இறங்கினார். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைகளைக் கடை கடையாகக் கேட்டு வாங்கி, அறை நடுவே கோட்டை எழுப்பினார். மதில், கோபுரம், மேலே தூக்கி இறக்கும் பாலம். ஜன்னல் காற்றுக்கு அது ஆடியது. அடியில் கனமாக ஏதாவது வைக்க வேண்டும் என்று தேடினார். பரீட்சைக்கு வாங்கி வைத்திருந்த வரலாற்றுப் பாடப் புத்தகங்கள் கட்டோடு கிடந்தன. கோபுரத்துக்கு அடியில் திணித்தார். கச்சிதமாக நின்றது. அந்த வருஷம் அந்தப் புத்தகங்கள் செய்த முதல் வேலை அது.

பிறகு என்ன, ராஜா குதிரை மேல் ஏறினான். குதிரை முட்டி வலிக்கிறது என்றது. வணிகக் குழு கூவிக் கூவிப் பட்டு விற்றாள். துறவி குறட்டை விட்டான். முரசு சார் தலையில் தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடத்தோடு பியானோ ஸ்டூலின் மேல் ஏறி நின்று, "முற்றுகை ஆரம்பம்!" என்று முழங்கினால் கீழ்வீட்டில் பாத்திரம் விழும். பெற்றோர் வாசலில் நின்று போனில் படம் பிடித்தார்கள், கை தட்டினார்கள். கடை வாசலில் அத்தனை வருஷம் கத்தியும் ஒருத்தர்கூட அவருக்குக் கை தட்டியதில்லை. கட்டில் வாங்கினார்கள், போனார்கள். இங்கே கைதட்டல் கிடைத்ததும் மனிதர் தலைகால் புரியாமல் போனார்.

கொள்ளைநோய்க் காட்சியில் டிரைவர் மகள் முகத்தில் உதட்டுச் சாயத்தால் புள்ளி வைத்தார்கள். கையை நெற்றியில் வைத்து முனகச் சொன்னார் முரசு சார்.

"அப்படி யாரும் படுக்க மாட்டாங்க சார். மூட்டு வலிச்சா கையைத் தூக்கவே முடியாது."

"பாக்கறவங்களுக்குத் தெரியணும்ல?"

முனகினாள், செத்தாள். மேலே விரிப்பைப் போட்டு மூடினார்கள். பிணம் பேசக் கூடாது, அசையக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது என்பது முரசு சார் போட்ட சட்டம். மூன்றாவது வாரத்தில் செத்தவள், அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வகுப்பிலும் விரிப்புக்கு அடியிலேயே கிடந்தாள். எழுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிணம் இருந்தால் காட்சிக்கு ஒரு கனம் வருகிறதாம்.

விரிப்பு முரசு சார் வீட்டினுடையது. துறவியின் அங்கியும் அந்த வீட்டினுடையதுதான்.

"அலமாரில இருந்த பெட்ஷீட் எங்கே?" என்று மனைவி கேட்டார்.

"ஒண்ணு துறவிக்கு. ஒண்ணு பிணத்துக்கு."

"வீட்டுல ரெண்டு பேரு படுக்கறோமே, அந்தப் பிணங்களுக்கு?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் விரிப்பு அசைந்தது. டிரைவர் மகள் எழுந்து உட்கார்ந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்து நீட்டினாள்.

"சார், இதுல இருக்கறதெல்லாம் நாம எப்ப படிப்போம்?"

முரசு சாருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தது பின் என்னவாம்? இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, எல்லாம் உள்ளே இறங்கியிருக்கும். அதை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று மறுநாள் ஐந்து பேரையும் உட்கார வைத்து அதே கேள்விகளுக்கு எழுதச் சொன்னார். விடைத்தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பெருமையாகப் படித்துக் காட்டலாம் என்று வீட்டுக்கு வந்தார். மனைவி சமையலறை மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கேளு. கேள்வி, நிலமானிய முறையை விளக்குக. நம்ம ராஜா எழுதியிருக்கான்: 'நிலம் எல்லாம் என்னுடையது. நான் குதிரை மேல் இருப்பேன். எல்லாரும் எனக்கு வணக்கம் சொல்வார்கள்.'"

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

பீன்ஸ் நறுக்கும் சத்தம் நிற்கவில்லை. அவர் அடுத்த தாளை எடுத்தார். போருக்கான காரணங்களைக் கூறுக என்ற கேள்விக்குக் குதிரை எழுதியிருந்தது: 'எனக்குத் தெரியாது. இடது பக்கம் திருப்பினார்கள், திரும்பினேன். பாலம் வந்ததும் நின்றேன்.'

மனைவி சிரித்தே விட்டார். "இவனுக்கு மட்டும் மார்க் போடுங்க. சண்டைக்குப் போனவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான்."

வணிகக் குழு தாள் முழுக்க விலை கூவியிருந்தாள். துறவி தன் பெயரை அழகாக எழுதியிருந்தான்.

கடைசித் தாள் டிரைவர் மகளுடையது. முதல் பக்கம் அடர்த்தியாக, ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஊர்கள் எப்படி இருந்தன, உழுதவன் யார், உண்டவன் யார், நோய் எந்த வழியாக வந்தது என்று எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு வெறும் தாள். ஓரத்தில் பென்சிலில் ஒரே வரி.

'நான் அப்பவே செத்துட்டேனே, சார்.'

முரசு சார் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. அவர் வாழ்க்கையில் வாய்விட்டுப் படிக்காத முதல் வரி அதுவாகத்தான் இருக்கும். மனைவி கத்தியை வைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"பரீட்சை எப்போ?"

"அடுத்த மாசம்."

"அதுக்குள்ள இவ உயிரோட வந்துடுவாளா?"

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தத்தம் வேஷத்துக்கு மேல் ஓர் அட்சரமும் தெரியாது. ஒரு காலத்தையே ஐந்து துண்டாக நறுக்கி ஆளுக்கொரு துண்டைக் கையில் கொடுத்திருக்கிறார். சேர்த்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, அவர் உட்பட. இது முரசு சாருக்கே புரிந்தது. புரிந்ததும் நேரே தலைவியிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். வழியெல்லாம் வசனம் தயார் பண்ணிக்கொண்டு போனார்.

தலைவி அவரைப் பேச விடவில்லை. பெரிய செய்தி ஒன்று வைத்திருந்தார். 'திறந்த நாள்' வருகிறது. வட்டத்தில் சேர விரும்பும் புதுப் பெற்றோர் பலர் வரப்போகிறார்கள். முற்றுகையை முழுசாக நடத்திக் காட்ட வேண்டும்.

"பிள்ளைங்க எழுதினதை நேத்து பாத்தேன், மேடம். கொஞ்சம்..."

"எழுத்தா? எழுத்தை யார் சார் பாக்கப்போறாங்க? நீங்க ஒரு கலைஞர். கோட்டைக்கு இன்னொரு கோபுரம் வைக்க முடியுமா?"

கலைஞர் என்ற சொல் காதில் விழுந்ததும் தயார் பண்ணிய வசனம் தொண்டையிலேயே கரைந்தது. உண்மையைச் சொல்லப் போனவர் ரெண்டாவது கோபுரத்துக்கு அளவு எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"சொல்லிட்டீங்களா?" என்றார் மனைவி.

"சொல்ற மாதிரி சூழ்நிலை அமையல."

"அமையாது. வாய்னு இருந்தா கத்தறதுக்கு மட்டும்தானா?"

அடுத்த வகுப்பில் ஒத்திகை. கிரீடம் ஏறியது, பாலம் இறங்கியது. விரிப்பு மட்டும் மடித்தபடி நாற்காலியில் கிடந்தது. டிரைவர் மகள் பக்கத்தில் நின்றாள்.

"நான் இனிமே படுக்க மாட்டேன், சார்."

"ஷோ முடியட்டும்மா. அப்புறம் உனக்குத் தனியா சொல்லித் தர்றேன்."

"ஷோவுக்கு அடுத்த வாரம் எக்ஸாம். இதுல போச்சுன்னா என் சீட் போயிடும். அப்பா ஒரு வருஷம் என்னைத் தூக்கித் தூக்கிப் பாத்ரூம் கூட்டிட்டுப் போனாரு. திரும்பவும் ஒரு வருஷம் வீட்ல உக்காருன்னு அவர்கிட்ட நான் எப்படி சொல்றது?"

"நீ படுக்கலைன்னா கொள்ளைநோய்க் காட்சியே விழுந்துடும்மா."

சொன்னபின் அவர் குரல் அறையில் கொஞ்ச நேரம் நின்றது. மரத்தரை எல்லாவற்றையும் எதிரொலிக்கும். அந்தப் பெண் அழவில்லை. ஒரு வருஷம் படுத்துக் கிடந்தவர்களுக்கு அழுகை சீக்கிரம் வராது. அழுதால் தலையணை நனையும், மாற்ற ஆளைக் கூப்பிட வேண்டும் என்று பழகியிருப்பார்கள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் அவர் சாப்பிடவில்லை. என்ன நடந்தது என்று மனைவி கேட்டு வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"எங்க ஹோம்ல ஒருத்தரைப் படுக்கையிலேர்ந்து எழுப்பி உக்கார வைக்க ரெண்டு ஆள் வேணும். முதுகு ஒடியும். நீங்க உக்காந்திருந்த பொண்ணைப் படுக்க வச்சிருக்கீங்க. அதுக்குக் கை வேற தட்டியிருக்காங்க."

மறுநாள் காலையில் முரசு சார் டிரைவர் வீட்டுக்குப் போனார். டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்றார், துடைப்பதை நிறுத்தாமல். பெண் கதவருகே வந்து நின்றாள். முரசு சார் மன்னிப்பு கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் அது அவருக்கு வராத வித்தை. "வகுப்புக்கு வந்துடு. படுக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

"வந்து என்ன பண்றது, சார்?"

தெரியாததை முதல் தடவையாக அவர் மறைக்கவில்லை. "தெரியலம்மா. நீ சொல்லு" என்றார்.

அவள் வந்தாள். ராஜாவையும் குதிரையையும் மற்ற இருவரையும் வட்டமாக உட்காரச் சொன்னாள். "நான் மூணாவது வாரமே செத்துட்டேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"நாங்க ஜெயிச்சோம்" என்றான் ராஜா.

"யாரை?"

ராஜா குதிரையைப் பார்த்தான். குதிரை கூரையைப் பார்த்தது.

"ஊர்ல பாதிப் பேரு என்கூட செத்துட்டாங்க. அப்புறம் நிலத்தை யாரு உழுதா? கூலி ஏறிச்சா இறங்கிச்சா? நீ யாருக்கு பட்டு வித்தே, வாங்க ஆளு இருந்துச்சா?"

வணிகக் குழு வாயைத் திறந்தாள், மூடினாள். அது நடப்பது அபூர்வம்.

"செத்தவளுக்குக்கூட பதில் சொல்ல முடியலன்னா நீங்கல்லாம் உயிரோட இருந்து என்னடா பண்ணீங்க?" என்றாள் டிரைவர் மகள்.

"புக்ல இருக்கும்" என்றான் துறவி. தூக்கத்திலிருந்து எழுந்த வாக்கு அது.

புத்தகம் எங்கே? எல்லாரும் கோபுரத்தைப் பார்த்தார்கள். முரசு சாரும் பார்த்தார். ரெண்டு கோபுரம், பாலம், மதில், அவர் கையால் சாயம் பூசிய கற்கள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் குனிந்து, அடியிலிருந்து புத்தகக் கட்டை இழுத்தார். கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மதிலைத் தள்ளியது, மதில் பாலத்தை இழுத்தது, எல்லாமாகச் சேர்ந்து துறவியின் தலையில் விழுந்தது. அவ்வளவு நாள் முற்றுகை போட்டும் விழாத கோட்டை.

அதற்கப்புறம் நடந்த வகுப்புகளில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பெற்றோர் வாசலில் வந்து நின்று, போனை எடுத்து, திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். புதுக் கோபுரம் வைக்கத்தான் கோட்டையைப் பிரித்திருக்கிறார் என்று தலைவி நினைத்துக்கொண்டார். செத்தவள் கேட்பாள்; மற்றவர்கள் தேடிப் படித்துச் சொல்ல வேண்டும்; சொன்னதை அவள் எழுதுவாள்; எழுதியது சரியா என்று மற்றவர்கள் பார்க்க வேண்டும். தன் வேஷத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. ராஜா உழுதவனுக்காகப் பேச வேண்டும், குதிரை ராஜாவுக்காக. குதிரை நன்றாகவே பேசினான். இத்தனை நாள் கீழேயிருந்து ராஜாவின் கனம் எவ்வளவு என்று பார்த்தவன் ஆயிற்றே.

முரசு சார் இதில் என்ன செய்தார் என்றால், பெரும்பாலும் குறுக்கே வந்தார். நல்லதாக ஒரு பேச்சு வந்தால் அதை எடுத்து முழங்காமல் அவரால் இருக்க முடியவில்லை. "சார், ப்ளீஸ்" என்று ஐந்து பேரும் ஒன்றாகச் சொல்ல, உட்கார்ந்துகொள்வார். விடைகளைத் திருத்துவதற்கும் அவருக்குப் பொறுமை கிடையாது, ஆனாலும் திருத்தினார். மனைவி எதிரில் உட்கார்ந்து, எழுந்திருக்க விடாமல் திருத்த வைத்தார்.

திறந்த நாள் வந்தது. புதுப் பெற்றோர் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். தலைவி படிக்கட்டிலேயே நின்று, "உள்ள போனா ஒரு ஆயிரம் வருஷம் பின்னாடி போயிடுவீங்க" என்று சொல்லிச் சொல்லி அனுப்பினார். மேலே கோட்டையைக் காணோம். ஐந்து மேஜை, ஐந்து நாற்காலி, குனிந்த ஐந்து தலை. மேஜை மேல் கேள்வித்தாள். கிரீடம் இல்லாமல் முரசு சார் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"என்ன சார் இது?" என்று தலைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பரீட்சை, மேடம். அடுத்த வாரம் எழுதப்போறதை இன்னிக்கு எழுதிப் பாக்கறாங்க."

"வந்தவங்க எதைப் பாக்கறது?"

"எழுதறதை."

இதோடு நிறுத்தியிருந்தால் மனிதரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம். ஆனால் அவ்வளவு பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு முகத்தைச் சும்மா விட அவரால் முடியுமா? தொண்டையைச் செருமினார். "பெற்றோர்களே!" என்று ஆரம்பித்தார். கல்வி என்றால் என்ன, காலம் என்றால் என்ன, தன் கண் எப்படித் திறந்தது, அதற்குத் தான் பட்ட பாடு என்ன. பேச்சு ஏறிக்கொண்டே போயிற்று. வந்திருந்தவர்களில் சிலர் போனை வெளியே எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் கையையும் ஆட்ட ஆரம்பித்தார்.

"சார்" என்றாள் டிரைவர் மகள், தாளிலிருந்து தலை தூக்காமல். "எழுத விடுங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் பலர். முரசு சார் கையை இறக்கினார். அதற்குப் பிறகு அந்த அறையில் பேனா ஓடும் சத்தம் மட்டும்தான். புதுப் பெற்றோர் ஒருவர் பின் ஒருவராக, செருப்புச் சத்தம் கேட்காமல் படியிறங்கினார்கள். ஒரே ஓர் அப்பா மட்டும் கடைசி வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அவரும் வட்டத்தில் சேரவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

தலைவி மரியாதை தெரிந்தவர். கத்தவில்லை. "உங்க ஆற்றலுக்கு எங்க வட்டம் ரொம்பச் சின்னது, சார்" என்று சிரித்த முகமாகச் சொல்லி, படிக்கட்டைக் காட்டினார். முரசு சாருக்குப் பதில் வந்தவர் களிமண்ணில் வரலாறு சொல்லிக் கொடுப்பவராம்.

பரீட்சை வந்தது, போயிற்று. முரசு சார் பஸ் நிலையத்துக்கே திரும்பப் போனார். அங்கே இன்னும் ஆள் குரல்தான். எந்த வண்டி எப்போது வரும் என்று முன்கூட்டிப் பதிவு செய்து வைக்க முடியாத அளவுக்கு அந்த ஊர் பஸ்கள் தயவு செய்திருந்தன. ஆள் எழுந்து நடமாடுவதே மனைவிக்குப் போதும்.

முடிவுகள் வந்த அன்று மத்தியானம் அறிவிப்பு அறையில் அவர் போன் அடித்தது. டிரைவர் மகள்.

"சார், பாஸ். ஹிஸ்டரி மட்டும் ஓரமா தப்பிச்சுது. சீட்டை உறுதி பண்ணிட்டாங்க, இப்ப அங்கதான் போயிட்டிருக்கேன்."

"மத்தவங்க?"

"குதிரை நல்ல மார்க். ராஜா ஃபெயிலாயிட்டான். மார்க்கை நாங்க நம்பறதில்லைன்னு அவங்க அம்மா சொல்றாங்களாம்."

முரசு சாருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நாற்காலியை விட்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னேன்மா" என்று ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் எதையும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். வாழ்க்கை ஒரு முற்றுகை என்றார், மதில்கள் விழுவதற்காகவே எழுப்பப்படுகின்றன என்றார், ஒரு நல்ல ஆசிரியன் என்பவன்—

"சார், என் பஸ் வந்துடுச்சு. வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். ஒரு நல்ல ஆசிரியன் என்பவன் யார் என்பதை அவர் இன்னும் கொஞ்ச நேரம் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிய நேரமாயிற்று.